அதே அறுநூறு பேர்

— பத்து பேரா? ஏம்மா, பத்து பேருக்கு எதுக்கு மண்டபம்? என் மூக்குக்கண்ணாடிக் கடையிலயே நாலு ஸ்டூலைப் போட்டு முடிச்சுடலாமே!

— முடிச்சுடலாம்ப்பா. நான் வேண்டாம்னா சொன்னேன்?

— பார்த்தீங்களா மேனேஜர் சார், கிண்டலை! முப்பத்தோரு வயசாச்சு இவளுக்கு. நீங்க எழுதுங்க, அறுநூறு.

— எழுதிடலாம் சார். ஆனா பாருங்க, நான் இந்த மேஜையில உட்கார்ந்து இருபது வருஷமாச்சு. ஆறு பேரைக் கூப்பிட்டா நாலு பேர்தான் வருவாங்க. மழை பேஞ்சா மூணு. பாருங்க, நானூறு சாப்பாடு தாராளம்.

— என் கல்யாணத்துக்கு ஆறு பேரைக் கூப்பிட்டா ஏழு பேர் வருவாங்க சார். வேடிக்கை பார்க்க.

— வரட்டும்! அதுக்குத்தானே கூப்பிடறேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி, மாப்பிள்ளை வரலைன்னு தெரிஞ்சதும், இதே மண்டபத்துல மைக்கைப் பிடிச்சு, 'கல்யாணம் நின்னு போச்சு, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க'ன்னு சொன்னவன் நான். கேட்டது அறுநூறு பேர். அன்னைக்கு வந்தவங்க பேர் எழுதின நோட்டு இதோ இருக்கு சார். செத்துப்போன பதினோரு பேரை மட்டும் அடிச்சுட்டு, அவங்க பிள்ளைங்களைச் சேர்த்திருக்கேன். அத்தனை பேரும் வந்து பார்த்துட்டுப் போகணும்.

— ஞாபகம் இருக்கு சார். அன்னைக்கு எங்க ஆளுங்களுக்கே சோறு இறங்கல. பாருங்க, கீழே லைட்டுக்காரன் வந்து நிக்கறான். இடத்தைக் காட்டிட்டு வந்துடறேன். அதுக்குள்ள அப்பாவும் பொண்ணும் பேசி ஒரு கணக்கு சொல்லுங்க.

— போயிட்டார் மனுஷன். இப்ப சொல்லும்மா, என்னதான் பிரச்சனை உனக்கு? ஊர் பேசும்னு பயமா? பேசின வாய்க்குத்தான் பூட்டுப் போடப் போறேன். கண்ணைப் பார்த்துக்க வர்றவன் ஒவ்வொருத்தனும், போர்டுல எழுத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடி உன்னைப் பத்தித்தான் கேக்கறான். நாலு வருஷமா நான் தலை நிமிர்ந்து நடக்கல.

— தெரியும்ப்பா.

— அந்த பேங்க்காரன் மட்டும் அன்னைக்கு வந்திருந்தா இந்நேரம் பேரனைத் தூக்கியிருப்பேன். படுபாவி.

— அவரைத் திட்டாதீங்கப்பா.

— திட்டாம கொஞ்சுவாங்களா? அவன் பேங்க் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு நின்னேனே! வரிசையில நின்ன ஜனம் பூரா பார்த்துச்சு. ஒரு வார்த்தை பதில் பேசினானா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

— அவர் வாயைத் திறக்காம நின்னது எனக்காகப்பா.

— என்ன சொல்றே?

— அன்னைக்குக் காலையில நான்தான் போன் பண்ணேன். வந்துடாதீங்கன்னு கெஞ்சினேன். 'நீ உங்கப்பா முகத்துல முழிக்கணுமே, பழி என்மேலயே இருக்கட்டும்'னு அவரே சொல்லிட்டார்.

— எதுக்கு? மனசுல வேற யாராவது...

— யாரும் இல்ல. எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா. அன்னைக்கும் வேண்டாம், இன்னைக்கும் வேண்டாம். உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல.

— சரி, இப்ப பார்த்திருக்கற இந்தப் பையன்கிட்ட என்ன குறை கண்டே?

— ஒரு குறையும் இல்ல. இருந்தா அதையே சொல்லித் தப்பிச்சிருப்பேனே! இவர்கிட்டயும் கேட்டுப் பார்த்தேன், வராதீங்கன்னு. சிரிக்கிறார். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடுமாம்.

— அதுக்கும் பத்து பேருக்கும் என்னம்மா சம்பந்தம்?

— பத்து பேர்னா, கடைசி நிமிஷத்துலயாவது எழுந்து வெளியே போயிடுவேன்னு ஒரு நப்பாசைப்பா. அறுநூறு பேரைத் தாண்டி நடக்கற தைரியம் எனக்கு இல்ல. அப்படியே உட்கார்ந்துடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

— உங்கம்மாவுக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன். ஏதாவது பேசுங்கப்பா. நாலு அடியாவது அடிங்க.

— மேனேஜர் வர்றார். கண்ணைத் துடைச்சுக்கோ.

— மன்னிச்சுக்கங்க சார், அந்த லைட்டுக்காரன் பிடிச்சா விட மாட்டான். பாருங்க, பேசி முடிச்சாச்சா? எத்தனைன்னு போடட்டும்?

— அறுநூறு.

— பொண்ணு பத்துன்னு...

— அறுநூறுன்னே போடுங்க சார். அப்புறம், நாற்காலிங்களை நடுவுல வழி விடாம, வாசல் வரைக்கும் நெருக்கிப் போடச் சொல்லுங்க.