கறுப்புக் கால்மிதி

போடி பஜாரில் நான் துடைக்காத கால் கிடையாது சார். கால்மிதி வியாபாரம். முப்பது வருஷமாக ஊரே என் சரக்கை மிதித்துத்தான் வீட்டுக்குள் போகிறது. என்னை மிதிக்கும் உரிமை மட்டும் என் மனைவி ஞானபாக்கியத்துக்கு.

அவளுக்கு அல்சைமர் வந்து மூன்று வருஷம். கண்ணில் குறையில்லை, பார்த்ததை மூளைதான் தப்பாகப் படிக்கிறது என்றார் டாக்டர். வெள்ளைத் தட்டில் இட்லி வைத்தால் வெறும் தட்டு என்பாள். சிவப்புத் தட்டு வாங்கினேன். நாலு இட்லி தின்றுவிட்டு, “சமையல்காரரே, சட்னி எங்க?” என்றாள். அன்றைக்கு அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் வாசலில் கறுப்புக் கால்மிதி கிடந்தது. விளிம்பிலேயே நின்றுவிட்டாள். “ஏங்க, இங்கன கெணறு கெடக்கு.” கறுப்பு அவளுக்குப் பள்ளம். பிறகு அடுப்படி வாசலில் ஒன்று போட்டேன். கடைசியில் கட்டிலைச் சுற்றி. சொந்தச் சரக்குதானே.

நான் தாண்டும்போதெல்லாம் கை நீட்டுவாள். “விழுந்துருவீக. பிடிச்சுக்கங்க.” குரல் தேய்ந்து, கட்டிலைத் தாண்டிக் கேட்காது.

போன புதன்கிழமை, நான் மலைக்குக் கிளம்புவது தெரிந்து பக்கத்து வீட்டு ஜான்சி கேட்டாள்: “அண்ணே, மேகமலைக்கு மதினியையும் கூட்டிட்டுப் போறீகளா?”

“பின்னே, விட்டுட்டா போவேன்?” என்றேன்.

வியாழக்கிழமை தனியாகத்தான் போனேன். ஒரு தூக்கம் முழுசாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். மேசையில் செம்பு நிறையத் தண்ணீர், தட்டு நிறைய இட்லி வைத்தேன். வெள்ளைத் தட்டு. சிவப்புத் தட்டு கழுவாமல் கிடந்தது. மேசை, கால்மிதிக்கு அந்தப் பக்கம்.

மலையில் குளிர் நன்றாக இருந்தது. ஒரு நாள் நான்கு நாளானது. பாதை சரிந்துவிட்டது என்று கடைப்பையனிடம் போனில் சொன்னேன். பாதை சரியவில்லை.

திங்கட்கிழமை வந்து பார்த்தபோது கட்டில் ஓரத்தில் சாய்ந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. சேலையை அவிழ்த்து, ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைக் கறுப்பின் மேல் வீசியிருந்தாள். நான் உள்ளே விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். முடிச்சு நல்ல கெட்டி.

கொன்றேன் என்றே எழுதுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவளை உள்ளே வைத்து நான் ஒரு நாளும் கதவைப் பூட்டியதில்லை.