ஸ்டாண்டை நகர்த்தக் கூடாதாம்

முதல்ல எனக்கு ஆப்பு வச்சது என் மச்சினன்தான் சார். கட்டின பொண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி! அப்புறம்தான் அந்த மூணு நடுவருங்க, அப்புறம்தான் போட்டோ சங்கம். வரிசை மாறக் கூடாது பாருங்க. திட்டறதுன்னா முறையாத் திட்டணும்.

உக்காருங்க, உக்காருங்க. டூப்ளிகேட் சாவிதானே? ரெண்டு நிமிஷம். அந்த ஸ்டூல் கொஞ்சம் ஆடும், சுவத்துப் பக்கமா சாஞ்சுக்குங்க. வந்ததுல இருந்து அந்தப் படத்தையே பார்த்தீங்கல்ல? இல்லியா? சும்மா திரும்பினீங்களா? சரி, இப்ப நல்லாவே திரும்பிப் பாருங்க.

இதே கடைதான். நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூல். அதுல இருக்கறது என் வீட்டுக்காரி, சாவிக் கொத்தைப் பிரிச்சுக்கிட்டு இருக்கா. பின்னால வாசல், தெரு, சாயங்கால வெயில். இதை ஒரே தடவைல எடுக்க முடியாது சார். கேமராவுக்கு நம்ம கண்ணு மாதிரி சாமர்த்தியம் கிடையாது. வெளிச்சத்தைத் தெருவுக்கு வச்சா கடை கரிச்சட்டி. கடைக்கு வச்சா தெரு வெள்ளையடிச்ச சுவரு. அதனால, கேமராவ ஸ்டாண்டுல நிறுத்தி, தெருவுக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணு, அவ முகத்துக்கு ஒண்ணுன்னு மூணு எடுக்கணும். எடுத்து கம்ப்யூட்டர்ல ஒண்ணாச் சேர்க்கணும். எட்டாங் கிளாஸ் தாண்டாதவன் சார் நான், அறுபத்திரண்டு வயசுல கத்துக்கிட்டேன். மச்சினன் காலேஜ் படிச்சவன், அவனுக்கு... சரி, விடுங்க. விடமாட்டேன், அப்புறம் வர்றேன்.

சேர்க்கறது தப்பே இல்ல. போட்டோ சங்கத்துப் போட்டி விதியிலயே இருக்கு, ஏழாவது விதி. பல படத்தை ஒண்ணாக்கலாம், ஆனா எல்லாம் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல எடுத்திருக்கணும், நடுவுல ஸ்டாண்டை நகர்த்தக் கூடாது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் கல்யாண நாளைக் கேளுங்க, திருதிருன்னு முழிப்பேன்.

ரெண்டு எடுத்தாச்சு. மூணாவதுக்கு விரலை வைக்கறேன், உள்ள ஓடி வர்றான் மாடி வீட்டுக்காரன். இடுப்புல துண்டு, தலை பூரா சோப்பு நுரை! பாதிக் குளியல்ல தண்ணி நின்னுபோச்சாம். மோட்டார் போட வெளிய வந்திருக்கான், கதவு டப்புன்னு சாத்திக்கிச்சு. நுரையோட ஒருத்தன் கையெடுத்துக் கும்பிடறப்ப, "இருய்யா, நான் போட்டிக்குப் படம் எடுக்கறேன்"னா சொல்ல முடியும்? ஸ்டாண்டு வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. தூக்கி ஓரமா வச்சேன். சும்மா தூக்கல சார்! மூணு கால் இருந்த இடத்தையும் சாக்பீஸால வட்டம் போட்டுட்டுத்தான் தூக்கினேன். நான் என்ன கேனையனா? மாடி ஏறி, கம்பியை விட்டுப் பூட்டைத் திறந்து, இறங்கி வந்து, வட்டத்துல காலை வச்சேன். மயிரிழை பிசகல.

திரும்பிப் பார்த்தா இவ ஸ்டூல்ல குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறா. துண்டுக்காரனை நினைச்சுத்தான். முன்பல்லு ஒண்ணு போனதுல இருந்து, ஒம்பது வருஷமா, சிரிப்பு வந்தா கையால வாயைப் பொத்திக்குவா. அன்னிக்கு ரெண்டு கை நிறையச் சாவி. பொத்த முடியல. டக்குன்னு அமுக்கிட்டேன்.

ஒண்ணாச் சேர்த்துப் போட்டிக்குக் கொடுத்தேன். நடுவருங்க மூலப் படம் மூணையும் கொடுன்னாங்க, கொடுத்தேன். ஒவ்வொண்ணுலயும் எடுத்த நேரம் பதிஞ்சிருக்குமே! அஞ்சு பத்து, அஞ்சு பத்து, அஞ்சு முப்பத்திரண்டு. மச்சினன்தான் சங்கத்துக்குச் செயலாளர். மூக்குக் கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே, "மாமா, இந்த இருபத்திரண்டு நிமிஷம் ஸ்டாண்டு எங்க இருந்துச்சு?"ன்னான். ஒரு பொய்யச் சொல்லியிருக்கலாம். வாய்ல வரல. "மாடி வீட்டுக்காரன் நுரையோட நின்னான்டா"ன்னேன். மூணு நடுவரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு என் பேரை அடிச்சுட்டாங்க.

என்ன சார், எழுந்துட்டீங்க? சாவியா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே. உக்காருங்க.

இவகிட்ட நான் சொல்லல. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். இவ என்ன பண்ணியிருக்கா, இருக்கறதுலயே நல்ல துணியாக் கட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க நாலு பேரையும் கூட்டிக்கிட்டு, எனக்குத் தெரியாமப் போட்டிப் படங்களை மாட்டியிருக்கற கண்காட்சிக்குப் போயிருக்கா. அங்க சுவத்துல பதினாலுன்னு என் நம்பர் சீட்டு இருக்கு, ஆணி இருக்கு, படம் இல்ல. நாலு பொம்பளைங்களும் ஆணியப் பார்த்துட்டு வந்திருக்காங்க.

வந்து சாப்பாடு போட்டா. தட்டை வச்ச சத்தத்துலயே எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டே கேட்டா, "பல்லு போனது தெரியறதாலயா படத்தைத் தூக்கிட்டாங்க?"ன்னு.

"ஐயோ, இல்லடி! ஒரு விதி இருக்கு, அதனால"ன்னேன்.

"எந்த வீணாப்போனவன் போட்டான் அந்த விதிய?"

...நான்தான் சார்.

போன வருஷம் மச்சினன் முதல் பரிசு வாங்கினான். பஸ் டிப்போ, அதுக்கு மேல நிலா, பூசணிக்காய் சைஸுக்கு! டிப்போ ஒரு நாள் எடுத்தது, நிலா இன்னொரு நாள் எடுத்து ஒட்டினது. கூட்டத்துல எழுந்து நின்னு, "நிலா என்ன உங்கப்பன் வீட்டு பல்பாடா, கழட்டிட்டு வந்து மாட்டறதுக்கு?"ன்னேன். அவங்கப்பன் என் மாமனார்ங்கறது வாயை விட்டப்புறம்தான் உறைச்சுது. அந்தச் சூட்டோட, ஒரே இடம், ஒரே நேரம், ஸ்டாண்டு நகரக் கூடாது, மூலப் படத்தை வாங்கி நேரத்தைப் பாருன்னு நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதினான். ஒரு எழுத்து விடல, படுபாவி. ஆனா ஆரம்பிச்சது யாரு? அவன் நிலாவை ஒட்டலைன்னா நான் ஏன் சார் விதி கேக்கப் போறேன்?

இவ இன்னும் நம்பல. பல்லாலதான்னே இருக்கா. படம் நல்லா இருக்குடின்னா, "புருஷன் சொல்லாம வேற யாரு சொல்லுவா"ங்கறா. தம்பி சொன்னா நம்புவா. அவன் வாக்குன்னா வேத வாக்கு.

நேத்து வந்தான் சார். இவ கடைல இல்லாத நேரம். நின்னுக்கிட்டே பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணாடியக் கழட்டினான். "அக்கா இப்படிச் சிரிச்சுப் பார்த்து எத்தனை வருஷமாச்சு... இந்தப் படத்தை எனக்கும் ஒரு காப்பி போட்டுத் தாங்க மாமா"ன்னான்.

"படம் எப்படிடா இருக்கு?"ன்னேன்.

"அக்கா நல்லா இருக்கா."

"அக்காவ விடு. படம்?"

"நேரமாச்சு மாமா"ன்னு கிளம்பிட்டான்! அவன் சொன்ன வரைக்கும் இவகிட்ட வந்து சொன்னேன். "நீங்களா ஜோடிக்கறீங்க"ங்கறா.

காப்பி போட்டு வச்சுட்டேன். ஆனா கைல கொடுக்க மாட்டேன். அவன் வீட்டுக்கு வரணும், இவ எதிர்ல நின்னு, "படம் நல்லா இருக்கு மாமா"ன்னு சொல்லணும். நாலே வார்த்தை. காசா, பணமா? அதைச் சொல்லாத வரைக்கும் அவன் எனக்குப் பாக்கிக்காரன்தான்.