ஆரஞ்சு பீரும் அண்ணன் மூக்கும்

— கிளாஸை ஏன் அப்படி முறைச்சுப் பார்த்துட்டே நிக்கறே? குடிச்சுச் சொல்லுடி.

— நீ முதல்ல சொல்லுண்ணா. எப்பவும் நீதானே முதல்ல?

— இந்தத் தடவை நீ சொல்லு. வாசல்ல வேன் நிக்குது. நீ சரின்னா ஏத்திடலாம்.

— போட்டிக்குப் போற பீரு. நான் சரின்னா போதுமா? போன வருஷம் கோப்பையை வாங்கிட்டு மைக்குல என்ன சொன்னே? "என் மூக்குதான் என் சொத்து"ன்னு...

— அதை இன்னும் விடலையா நீ?

— பெட்டியைத் தூக்கிட்டுப் பின்னாடி நின்னேனே. நல்லாக் காதுல விழுந்துச்சு.

— ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி...

— போட்டோ எடுக்கறப்ப என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னாங்க. நீயும் பார்த்துட்டுதான் இருந்தே. அதுவும் ஒரு பேச்சுக்கா?

— ஆரம்பிச்சுட்டியா? நுரை அடங்குது, குடி.

— ம்ம்...

— எப்படி?

— இரு, அவசரப்படுத்தாதே.

— முகத்தை ஏன் சுளிக்கறே?

— கசக்குது. பீருன்னா கசக்கத்தானே செய்யும்.

— அவ்வளவுதானே? ஆரஞ்சு?

— நீயே மோந்து பாரு.

— பார்த்தாச்சு. பிரமாதம். தோல் வாசனை அப்படியே தூக்குது.

— கடைசில லேசா ஏலக்காய் வருதுல்ல?

— ஏலக்காயா... ஆமா, ஆமா. நானே சொல்ல நினைச்சேன்.

— நாம ஏலக்காயே போடலியேண்ணா.

— ...ஈஸ்ட் பண்ற வேலைடி. சில சமயம் அப்படித்தான், போடாததெல்லாம் வரும்.

— ஓ... அடியில புகை வாசனை?

— இருக்கு, லேசா. இழுத்து மோந்தா தெரியுது.

— நல்ல மூக்குண்ணா உனக்கு.

— கிண்டலா?

— சேச்சே. ஆமா, இந்த பீர் ஊறின டேங்கை யாரு கழுவினது?

— நான்தான். நீ அம்மாவைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே, அன்னிக்கு.

— எதைப் போட்டுக் கழுவினே?

— நம்ம பவுடர் தீர்ந்துபோச்சு. பாத்ரூம்ல பிளீச்சிங் பவுடர் கிடந்துச்சு... முறைக்காதே! நல்லா அலசிட்டேன்.

— அலசினப்புறம் மோந்து பார்த்தியா?

— பார்க்காம இருப்பேனா? துளி வாசனை இல்ல.

— சரி.

— சரின்னா... அனுப்பலாமா?

— என்கிட்ட உனக்கு ஏதாவது சொல்றதுக்கு இருக்காண்ணா? எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடு.

— என்ன சொல்லணும்?

— எதுவும் இல்லையா?

— இல்லடி. ஹாரன் அடிக்கறாரு பாரு. நல்லா இருக்கா, இல்லையா? உன் வாயால சொல்லு.

— ...நல்லா இருக்கு.

— சத்தியமா?

— அனுப்புண்ணா. இந்த வருஷமும் எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பாங்க.

— டிரைவர் சார், ஏத்திடுங்க! எல்லாப் பெட்டியும்தான்! மெதுவா, மெதுவா... பாட்டிலு! ஆங்... ரைட்டு, கிளம்புங்க! அப்பாடா. கிளாஸ்ல இருந்ததை ஏன் கொட்டறே?

— போதும்ணா.

— இப்படி உக்காரு. ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

— சொல்லு.

— எனக்கு வாசனையே தெரியலடி. கோப்பை வாங்கினப்புறம் அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுலேருந்து. ஆரஞ்சும் ஒண்ணுதான், அடுப்புக்கரியும் ஒண்ணுதான். இனிமே திரும்பாதுன்னு டாக்டரும் கையை விரிச்சுட்டாரு.

— தெரியும்.

— தெரியுமா? எப்படி?

— பால் பொங்கிக் கருகி வீடே நாறுச்சு. நீ அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தே.

— அப்பவே ஏன் கேக்கல?

— நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். இப்பகூட வாயைப் புடுங்கிப் பார்த்தேன். ஏலக்காய்ங்கறேன், ஆமாங்கறே. புகைங்கறேன், அதுக்கும் ஆமாங்கறே.

— எப்படிடி சொல்றது? மூக்கு செத்தவன் பீர் காய்ச்சறான்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். நீயும் விட்டுட்டுப் போயிடுவே...

— நான் எங்கேண்ணா போவேன்? இந்த ஆரஞ்சு யோசனையே என்னுது. எவ்வளவு தோல் போடணும், எப்ப எடுக்கணும், எல்லாம் என் கணக்கு. ஒருத்தர்கிட்டயாவது என் பேரைச் சொல்லியிருக்கியா? வயிறு எரியுதுண்ணா எனக்கு.

— எரியும். எனக்குத் தெரியாதா? நாளைக்குப் போட்டியில கண்ணைக் கட்டிட்டு மோந்து சொல்லச் சொல்லுவாங்க. பீரைக் காய்ச்சினவங்கதான் சொல்லணும். என்னால முடியாதே. முழிச்சுட்டு நிப்பேன். அதனால...

— என்ன பண்ணி வச்சிருக்கே?

— நீ இல்லாத நேரமாப் பார்த்து நானே உக்காந்து லேபிள் ஒட்டிப் பெட்டியை மூடினேன். உனக்காக ஒரு பாட்டில் எடுத்து வச்சேன். இந்தா, சத்தமாப் படிடி.

— "தயாரித்தவர்"... அண்ணா, இது என் பேரு.

— வேன்ல போன எல்லாப் பாட்டில்லயும் அதான். என் பேரு எங்கயும் இல்ல. பயத்துலதான் பண்ணேன், பெரிய மனசெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா ஒட்ட ஒட்ட... இதை எப்பவோ பண்ணியிருக்கணும்னு தோணுச்சுடி. நாளைக்கு மேடையில நீதான் நிக்கறே. ஏய்... ஏன் அழறே?

— வேனைத் திரும்பி வரச் சொல்லு.

— இப்பதானே போச்சு? ஏன்?

— போன் போடுண்ணா, சீக்கிரம்!

— ரிங் போகுது... எடுக்க மாட்டேங்கறாரே. ஓட்டிட்டிருப்பாரு. என்னடி ஆச்சு? நல்லா இருக்குன்னு நீதானே சொன்னே?

— அது குடிக்கற மாதிரியே இல்லண்ணா. நீ கழுவின பிளீச்சிங் பவுடர்தான், காயத்துக்குப் போடற மருந்து நாத்தம் அடிக்குது. முதல் வாய்லயே தெரிஞ்சுடுச்சு. நாலு பேரு முன்னாடி நீ அசிங்கப்பட்டு நிக்கணும்னுதான்... நல்லா இருக்குன்னேன்.