வேதவதியின் மாலை ஷிப்ட்

மாலை ஆறரை மணி. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர் போகிற சாலையில் ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. கிழிந்த இலைகளில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்... அதற்கு அப்பால் கொள்ளிடம். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். இருட்டுக்குள் ஆறு ஓயாமல் இரைந்தது.

அந்தச் சாலையில் தனியாகப் பைக்கில் போனவன் பிரஹலாத். திருச்சி புத்தூரில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். கதை கட்டுகிற ஆள் இல்லை. நடந்து ரொம்ப நாள் கழித்துத்தான் இதை என்னிடம் சொன்னான். சொல்லும்போது டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். சொல்கிறேன்.

அவன் போனது தன் சித்தப்பாவை அழைத்துவர. பெயர் ஜனார்தன். எழுபது தாண்டியவர். மேலூரில் ஒரு பழைய வாழைக்காய் மண்டியை ஒட்டிய வீட்டில் இருந்தார். அந்த மண்டிக்குள்தான்... கம்ப்யூட்டர் இருந்தது.

நம் மேஜையில் இருக்கிற மாதிரி இல்லை. மெயின்பிரேம். அந்தக் காலத்துப் பெரிய தொழிற்சாலைகளில் தனி அறை கொடுத்து வைத்திருப்பார்களே, அது. பீரோ பீரோவாக ஒரு சுவர் நீளத்துக்கு நிற்கும். அதோடு பேசுவதற்கு டைப்ரைட்டர் போல ஒரு கன்சோல். மெஷினுக்கு ஏதாவது விவரம் வேண்டுமென்றால், எந்த நம்பர் டேப்பை மாட்ட வேண்டும் என்று கன்சோலில் தானே அடித்துவிட்டு, மணியை ஒலிக்கச் செய்யும். உடனே ஒரு ஆள் எழுந்து போக வேண்டும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கிற டேப் சுருளை எடுத்து, கண்ணாடியைத் திறந்து, டேப்பின் நுனியை விரலால் கோத்து மாட்ட வேண்டும். கண்ணாடியை மூடியதும் ‘ஸ்ஸுக்’கென்று காற்று டேப்பை உள்ளே இழுக்கும். மனிதக் கை படாமல் அது நடக்காது.

திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் அதே ரக மெஷின் இருந்தது. அதற்கு டேப் மாட்டியவள் வேதவதி. ஜனார்தனின் மனைவி, பிரஹலாதுக்குச் சித்தி. அவளுக்கு மாலை ஷிப்ட். ஜனார்தன் அங்கேயே ப்ரோக்ராம் எழுதியவர், பகல் வேலை. அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி ஸ்கூட்டரில் போய் கேட்டில் நின்று அவளை அழைத்து வருவார். அவள் வேலையை விடும்வரை அப்படித்தான்.

வயதான பிறகு சித்திக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு தெருக்கள். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் பிறந்து வளர்ந்தவள், உத்தர வீதியிலேயே நின்று வழி கேட்டாள். கடைசியில் கணவரையும் மறந்தாள். திட்டவில்லை, சண்டை போடவில்லை... ரொம்ப மரியாதையாக அவரை ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான்தான் உன் புருஷன் என்று அவர் சொன்னால் மட்டும் பயந்துபோய் மூலையில் ஒண்டிக்கொள்வாள். அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். தன் வீட்டிலேயே யாரோ ஒரு சாராக வாழப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் விரல்கள் காற்றில் எதையோ கோத்துக்கொண்டிருந்தன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது... டேப்.

ஏதோ ஒரு கல்லூரி பழைய சாமான்களோடு கழித்துப்போட்ட மெஷினைத் தேடிப் பிடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து மண்டியில் இறக்கினார். அங்கே த்ரீ பேஸ் கரண்ட் இருந்தது. தொழிற்சாலையில் அந்த மெஷினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பெனடிக்ட், ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர், மாதக்கணக்கில் வந்து உட்கார்ந்து அதை ஓடவைத்தார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பிரஹலாதும் சிரித்தானாம்.

முதல் மணி ஒலித்த அன்று சித்தி நிமிர்ந்து பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். எழுந்து போனாள். சரியான டேப்பை எடுத்தாள், கோத்தாள், மூடினாள். கையில் ஒரு தடுமாற்றம் இல்லை. பெனடிக்ட் வெளியே போய் நின்று அழுதார்.

அதன் பிறகு தினமும் மாலையில் அவர் கன்சோலில் உட்காருவார், அவள் டேப் மாட்டுவாள். அவர் அப்போதும் சார்தான். ஆனால் அவள் முகத்தில் பயம் போய்விட்டது. அது போதும் என்று இருந்தார்.

ஆடி மாதம் சித்தி போய்விட்டாள்.

சித்தப்பா மெஷினை நிறுத்தவில்லை.

ஐப்பசியில் பெனடிக்ட் பிரஹலாதுக்குப் போன் செய்தார். மெஷினின் பவர் சப்ளையில் கருகல் வாசனை வருகிறது, மாற்றுவதற்கு இனி உலகத்தில் எங்கேயும் பாகம் கிடைக்காது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். “தீப்பிடிச்சாக்கூட அவர் வெளிய வர மாட்டாரு தம்பி. அந்த மண்டிக்குள்ள... எனக்கும் இப்பல்லாம் போக மனசு வரலீங்க. நீங்க அழைச்சிட்டுப் போயிடுங்க” என்றார்.

அதனால்தான் அந்த மழையில் அவன் போனான்.

மண்டிக்குள் ஏசி குளிர். பழைய வாழைப்பழ வாசனை, சூடான தூசி வாசனை, அதற்கடியில் லேசாக ரப்பர் கருகுகிற வாசனை. மின்விசிறிகள் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. சித்தப்பா கன்சோல் முன்னால் உட்கார்ந்திருந்தார். டேப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மெஷினை நிறுத்திவிட்டுப் புத்தூருக்கு வரும்படி பிரஹலாத் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கன்சோல் டகடகவென்று அடித்தது. மணி ஒலித்தது.

சித்தப்பா எழுந்திருக்கவில்லை. அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“திரும்பாதேடா. திரும்பினா நின்னுடுவா.”

பின்னால்... வளையல் சத்தம். மெதுவான காலடி. மருக்கொழுந்து வாசனை. கண்ணாடி திறந்தது. பிறகு ஒன்றும் இல்லை... டேப்பைக் கோப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். கண்ணாடி மூடியது. ஸ்ஸுக்.

பிரஹலாத் சித்தப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். சித்தப்பா கன்சோலையே பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“தினம் வரா. போனப்புறமாவது என்னை ஞாபகம் வரும்னு நெனச்சேன்டா... இப்பவும் சார்னுதான் கூப்பிடறா.”

அவர் சொல்லி முடிக்கவில்லை. படீரென்று ஒரு சத்தம். மூலையில் இருந்த பீரோவிலிருந்து புகை கிளம்பியது. மின்விசிறிகளின் சுருதி இறங்கியது... இறங்கியது... விளக்குகள் வரிசையாக அணைந்தன. டேப் சுருள் தானாகச் சுற்றி ஓய்ந்தது. பிரஹலாத் ஓடிப்போய் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டான்.

இருட்டு. கூரையில் மழை. அவ்வளவுதான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். கிழவியின் குரல் இல்லை. சின்ன வயதுப் பெண்ணின் குரல்.

“சார்... ஷிப்ட் முடிஞ்சுடுத்தா?”

அந்தக் குரலே தொடர்ந்தது.

“மழையா இருக்கு சார். எங்காத்துக்காரர் கேட்டுல நனைஞ்சுண்டு நிப்பார். நான் போகட்டுமா?”

சித்தப்பாவின் தோள்கள் குலுங்குவது அந்த இருட்டிலும் தெரிந்ததாம். சத்தம் வராமல் அழுதார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆபீஸில் பேசுவது போல நிதானமாகச் சொன்னார்.

“முடிஞ்சுடுத்தும்மா. கிளம்புங்கோ. அவர் வந்துட்டார்.”

எழுந்தார். பின்னால் பார்க்கவே இல்லை. ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, குடை இல்லாமல் மழைக்குள் இறங்கினார். ஸ்கூட்டரைக் கேட்டுக்கு உருட்டிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்தார். ஹெட்லைட் வெளிச்சத்தில் மழை கம்பி கம்பியாக இறங்கியது. சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்து காத்திருந்தார்.

ஏசிக்காக வாசலில் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் திரை விலகி, மறுபடி மூடியது. பிரஹலாத் வாசல் ஓரச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, திரை வழியே பார்த்தபடி நின்றான். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டரின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது... ஒரு ஆள் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. சிவப்பு விளக்கு வாழைத்தோப்புக்குள் போய் மறைந்தது.

பிரஹலாத் வெளியே வந்தான், துரத்திக்கொண்டு போகத் துணியவில்லை. கேட்டிலேயே நின்றான். கொள்ளிடத்தின் இரைச்சல் வேறு அவனைப் பயமுறுத்தியது. கிழவர் ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டால்... பெருமாளே பெருமாளே என்று சொல்லிக்கொண்டே நின்றானாம். மழை வலுத்தது. ரொம்ப நேரம் கழித்து, ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து ஒற்றை வெளிச்சம் வந்தது.

சித்தப்பாதான். தனியாக. வண்டியை நிறுத்தத் தெரியாதவர் போல அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பிரஹலாத்தான் கையைப் பிடித்து இறக்கினான். எங்கே போனார், எங்கே விட்டார் என்று கேட்டான்.

“நான் எங்கேயும் விடலைடா. ஊர் விளக்கெல்லாம் தெரிய ஆரம்பிச்சுது... பின்னாடி கனம் குறைஞ்சுடுத்து.”

வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தார்.

“வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலை. நான்னு தெரிஞ்சு ஏறினாளா... இல்லே யாரோ ஒருத்தர்னு ஏறினாளா. அதுதான்டா தெரியலை. அது மட்டும் தெரிஞ்சிருந்தா...”

திரும்பி வீட்டை நோக்கி நடந்தார். பிரஹலாத் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பின்னால் போனான்.

போகும்போதும் மழை, வரும்போதும் மழை. சித்தப்பாவின் தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது, கை, தோள், காலர், எல்லாம் சொட்டச் சொட்ட. முதுகில் மட்டும், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு கன்னம் சாய்கிற அளவுக்கு ஈரமே இல்லை. அதற்குக் கீழே இடுப்பைச் சுற்றி, ஒரு கை அகலத்துக்கு, அங்கேயும் ஈரமில்லை.

பிரஹலாத் கையை நீட்டி அந்த இடத்தைத் தொட்டான்.

வெதுவெதுவென்று இருந்தது.