ஐந்தாவது பல்

— அஞ்சாவதை மட்டும் எடுத்துடுங்க, டாக்டரம்மா. மத்த நாலும் அப்படியே இருக்கட்டும். நாலு போதாதா?

— எடுக்கறதுக்கு அது என்ன அரிசியில கெடக்கற கல்லா, தலைவரே? அஞ்சு பல்லு அனுப்பினேன், ஆய்வுக்கூடத்துலேர்ந்து அஞ்சுக்கும் பதில் வந்திருக்கு. அறிக்கையில நான் அஞ்சையும்தான் எழுதணும்.

— நான் சொல்றதைக் கேளுங்க. திங்கக்கிழமை விசாரணை. சுரங்கக் கம்பெனி வக்கீல் என்ன சொல்றான்? யானமாச்சாய் குன்றுல எந்தக் காலத்துலயும் ஆள் குடியிருந்ததில்ல, இந்த ஊர்க்காரன் எல்லாம் பண்ணை வேலைக்கு வந்து ஒட்டிக்கிட்டவன், குன்று மேல அவனுக்கு என்ன பாத்தியதைன்னு கேக்கறான். நீங்க போயி, குன்று மேல செத்தவங்களை வச்ச கல்வீட்டுக்குள்ள நாலு பேர் பழைய ஆளு, அஞ்சாவது ஆளு நேத்து செத்தவன்னு சொன்னா, வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பான்.

— நேத்து இல்ல. நாப்பது வருஷம் இருக்கும்.

— எழுநூறு வருஷத்துக்குப் பக்கத்துல நாப்பது நேத்துதான்.

— ரெண்டு பேரும் இப்படியே பேசிக்கிட்டிருந்தா சூப்பு பனிக்கட்டியாப் போயிரும். இந்தா தாயி, இது ஒனக்கு. உருளை வெந்திருச்சு, சோளம்தான் கொஞ்சம் வெறைப்பா இருக்கு.

— வையுங்க சபீனாக்கா. நீங்களும் உக்காருங்க.

— அவ எதுக்கு டாக்டரம்மா? ஊர் விஷயம் பேசிக்கிட்டிருக்கோம். சமையல் பாக்க வந்தவ சமையலைப் பாக்கட்டும்.

— அந்தப் பொந்து வாசல்ல தவழ்ந்து உள்ள போயி, ஆளுக்கு ஒரு பல்லா எடுத்துட்டு வந்தது யாரு? இவங்கதானே. உங்க ஆம்பளைங்க ஒருத்தர் கூட வாசக்கிட்ட வரல. எனக்கோ தோளு நுழையல.

— எப்படி வருவான்? ஆதி ஜனத்தோட எலும்பைத் தொட்டா காத்து அடிச்சிடும். எங்க சித்தப்பா தெரியாத்தனமா ஒரு தொடை எலும்பை மிதிச்சுட்டாரு. மிதிச்ச காலு வத்திப் போயி, கோல் மாதிரி ஆகி, அதுலயே செத்தாரு.

— எனக்கு ஒண்ணும் அடிக்கல அண்ணே. கோக்கா எலை வச்சு, சாராயம் தெளிச்சு, கோவிச்சுக்காதீக, ஒரு பல்லு மட்டும் கடன் குடுங்கன்னு கேட்டுத்தான் எடுத்தேன்.

— அதுதான் அவளோட நெஞ்சழுத்தம். சரி, நான் சொல்றதைக் கேளுங்க. ஸ்பெயின்காரன் எழுதி வச்ச பழைய தாள் இருக்குன்னீங்களே, அதை வச்சே சமாளிக்க முடியாதா? பல்லே வேண்டாம்.

— அந்தத் தாளைத்தானே வக்கீல் தூக்கிக் காட்டறாரு. "குன்றின் மேல் குடிகள் இல்லை"ன்னு ஒரே ஒரு வரி. எழுதினவன் வரி வாங்க வந்தவன், தலைவரே. குதிரை ஏறாத எடத்துக்கு அவன் போகவே இல்ல. வரி கட்டாதவன் அவனுக்கு மனுஷனே இல்ல. கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு எழுதிட்டான். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் நான் மூணு வருஷமா இந்தக் குன்று மண்ணைக் கிளறி ஆராய்ஞ்சுக்கிட்டிருக்கேன்.

— அப்போ ஊர்ல நாங்க வாயால சொல்றது எதுக்கும் ஆகாதா?

— ஆகும். அதையும் எழுதியிருக்கேன். ஆனா வாய் சொல்லவும் செய்யும், மறைக்கவும் செய்யும். தாள் எழுதினவன் பக்கம் சாயும். ஒண்ணை இன்னொண்ணோட ஒரசிப் பாத்தாத்தான் எது நிக்குதுன்னு தெரியும். பல்லுக்கு மட்டும் யாரையும் காப்பாத்தத் தெரியாது.

— இதையேதான் மொத நாளு ஊர்க்கூட்டத்துலயும் சொன்னே தாயி. நான் கடேசி வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன்.

— கேட்டியா, நல்லது. நீ போயி அடுப்பைப் பாரு. டாக்டரம்மா, ஆய்வுக்கூடத்துல எவனாவது மாத்தி வச்சிருப்பான். தினம் நூறு பல்லு வர்ற எடம்.

— எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணிச்சு. பல்லோட மீதிப் பாதியை வேற நாட்டுக்கு அனுப்பினேன். அங்கேர்ந்தும் அதே பதில். ஒரு காலத்துல அணுகுண்டை வெடிச்சு வெடிச்சுப் பாத்தானுங்க இல்ல? அப்போ காத்துல கலந்தது பயிர்ல ஏறி, சாப்பாட்டுல ஏறி, வளர்ற பிள்ளைங்க பல்லுல போய் உக்காந்துடுச்சு. பழைய நாலு பல்லுலயும் அது கெடையாது. அஞ்சாவதுல இருக்கு. அது கடைசியா மொளைக்கற கடைவாய்ப் பல்லு, வேர் நுனி இன்னும் மூடவே இல்ல. அறுவதுகள்ல பொறந்து, இருவது வயசை ஒட்டிச் செத்த ஆளு.

— அப்படின்னா...

— அப்படின்னா பட்டாளமும், மலைக்குள்ள துப்பாக்கியோட திரிஞ்சவங்களும் மாத்தி மாத்தி இந்த ஊருக்குள்ள வந்துட்டுப் போன காலம்.

— சூப்பு எடுத்துக்கங்கண்ணே. கையில வச்சுக்கிட்டே இருக்கீக.

— குடிக்கறேன், குடிக்கறேன். அந்தக் காலத்துல எவன் எவனோ வந்தான். பொதையல் திருடன் எவனாவது உள்ள பூந்து, கல்லு சரிஞ்சு செத்திருப்பான். வெளியூர்க்காரன்.

— வெளியூர் இல்ல.

— அது எப்படிச் சொல்றீங்க? பல்லுல ஊர்ப் பேரு எழுதியிருக்கா?

— கிட்டத்தட்ட. சின்ன வயசுல குடிச்ச தண்ணி பல்லுல பதிஞ்சிடும். இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லா ஊத்துலயும் தண்ணி எடுத்துச் சோதிச்சிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் தனிக் கைரேகை. அந்த நாலு ஆதி ஜனமும் குடிச்சு வளந்தது யானமாச்சாய் ஊத்து. காலையில சபீனாக்கா இந்தச் சூப்புக்கு மொண்டுட்டு வந்தாங்களே, அதே தண்ணி. அஞ்சாவது ஆளும் அதே தண்ணி.

— இந்தச் சூப்புத் தண்ணியா?

— புரியுதா தலைவரே? ரத்த சொந்தம்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்கு வேற சோதனை வேணும். ஆனா எழுநூறு வருஷத்துக்கு முந்தி இருந்தவனும், உங்க கூடப் பந்து வெளையாடியிருக்கக்கூடிய ஒரு பையனும், ஒரே ஊத்துல வாய் வச்சிருக்காங்க. அவனை எடுத்துட்டுப் போயி ஆதி ஜனத்துக்கு நடுவுல படுக்க வைக்கலாம்னு இந்த ஊர்ல யாருக்கோ தோணியிருக்கு. பழைய ஆளுங்களுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லைன்னு கம்பெனி சொல்றதுக்கு இதை விட என்ன பதில் வேணும்? நீங்க எடுக்கச் சொல்றதுதான் நம்ம கையில இருக்கற பெரிய சாட்சி.

— அந்தச் சாட்சி வேண்டாம்னுதானே சொல்றேன்.

— ஏன்?

— ஏனா? நீங்க அதை எழுதின மறுநாளு அரசாங்க வக்கீல் வருவான். குன்றைச் சுத்திக் கயிறு கட்டுவான். யாரு செத்தான், யாரு கொன்னான், யாரு பேரைச் சொல்லிக் காட்டிக் குடுத்தான்னு வீடு வீடா நொழைவான். அந்த வழக்கு முடியறதுக்குள்ள கம்பெனி ஊத்து வரைக்கும் தோண்டிட்டுப் போயிருக்கும். ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துச் சாப்புடப் பழகறதுக்கே இந்த ஊருக்கு எத்தனை காலம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க பட்டணத்துப் பொண்ணு.

— நீங்க சொல்றதை நான் இல்லேங்கல. ரெண்டு நாளா அதான் என் மண்டையைக் கொடையுது. அந்த வயசுல யாரு காணாமப் போனாங்க? அதையாவது சொல்லுங்க.

— ஒருத்தனும் இல்ல. அந்தக் காலத்துச் சாவுகளை விசாரிக்க விசாரணைக் குழு வந்தப்போ எல்லாப் பேரையும் குடுத்தவன் நான். வந்தவங்களுக்கு நம்ம கெச்சுவா பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. ஊர்ப் பொம்பளைங்களுக்கு ஸ்பானிஷ் வராது. நடுவுல உக்காந்து ஒவ்வொருத்தர் சொன்னதையும் மாத்திச் சொன்னது நான்தான். செத்தவங்க எல்லாரும் கல்லறைத் தோட்டத்துல இருக்காங்க.

— சபீனாக்காவுக்குத் தம்பி ஒருத்தர் இருந்தாராமே. வாத்தியாருக்குப் படிச்சவரு.

— யாரு, மௌரோவா? அவன் லிமாவுக்குப் போயிட்டான். விடியக்காலையில லாரி ஏறினான், மூட்டை மேல ஏறி உக்காந்ததை என் கண்ணால பாத்தேன். அப்போ ஊர்க்காவலுக்கு நான்தான் தலைவன், பாலத்துல நின்னுக்கிட்டிருந்தேன். சபீனா, நீயே சொல்லு. அன்னிக்குக் காலையிலேயே உங்க வீட்டுக்கு வந்து சொன்னேனா இல்லியா?

— சொன்னீக. அம்மாகிட்ட வந்து சொன்னீக.

— கேட்டுக்கங்க.

— அப்புறம் அவர்கிட்டேர்ந்து ஒரு தகவல் கூட வரலியா அக்கா?

— லிமா பெரிய ஊரு, தாயி.

— பட்டணம் போனவன் எவன் திரும்பிப் பாக்கறான்? அதை விடுங்க. இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஊர்க்கூட்டம் உங்களுக்குக் குடுத்த அனுமதி இருக்கே, அதுல ஊருக்குக் கெடுதல் வர்ற எதையும் எழுத மாட்டேன்னு நீங்க சம்மதிச்சிருக்கீங்க. நான் ஊதுகொம்பை எடுத்து ஊதினா சனம் கூடிடும். அனுமதியை ரத்து பண்ணிட்டா அந்த நாலு பல்லும் செல்லாது.

— மெரட்டறீங்களா?

— கெஞ்சறேன். ஊத்து போச்சுன்னா எங்களுக்கு எறங்கிப் போக வேற எடம் இல்ல. இதோ, சபீனா மகனுக்கு நான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்துல என் கையிலதான் கெடந்தான். அவனோட உருளைக் காடும் அந்தத் தண்ணியை நம்பித்தான் கெடக்கு. எவனோ ஒரு செத்தவனுக்காக உசுரோட இருக்கறவன் வாயில மண்ணைப் போடப் போறீங்களா?

— அக்கா, நீங்க என்ன சொல்றீங்க? ஆலங்கட்டி மழை நின்னுடுச்சு, ஜீப்புக்காரர் ஹாரன் அடிக்கறாரு. அறிக்கையை நான் இன்னிக்கே அனுப்பியாகணும்.

— நான் என்னத்தச் சொல்ல. நீ படிச்ச பிள்ளை. நீ எதை எழுதுறியோ அதுதான் நாளைக்கு நடந்ததுன்னு ஆகும்.

— அதான் எனக்குப் பயமா இருக்கு. அந்த ஸ்பெயின்காரனை மூணு வருஷமாத் திட்டிக்கிட்டிருக்கேன், ஒரு வரியில ஒரு சனத்தையே இல்லாம பண்ணிட்டான்னு. இப்போ அதே வேலையை நான் பண்ணப் போறேன். ஒரே ஒருத்தனை இல்லேன்னு எழுதணும். அவ்வளவுதான் வித்தியாசம்.

— இல்லேன்னு எழுத வேண்டாம். சும்மா விட்டுடுங்க.

— ரெண்டும் ஒண்ணுதான் தலைவரே. உங்களுக்கும் தெரியும்.

— ஊத்து.

— தெரியுது. ஊத்து. சரி. திங்கக்கிழமைக்கு நாலோட போறேன். தீர்ப்பு வந்தப்புறம் அஞ்சாவதை எழுதுவேன். மறைக்கல, தள்ளி வைக்கறேன். கேட்டா அப்படித்தான் சொல்லுவேன். என்னை நானே எதையோ சொல்லித் தேத்திக்கறேன்.

— அதான் புத்தி. தள்ளி வையுங்க, பத்து வருஷம் கழிச்சு எழுதுங்க, யாரு வேண்டாங்கறா. சபீனா, இந்தச் சூப்பு ஆறிப்போச்சு, சூடா ஊத்து. இப்பத்தான் பசியே எடுக்குது.

— ஊத்துறேன் அண்ணே. ஏந்தாயி, அந்தக் கடைவாய்ப் பல்லு கீழ் வரிசைதானே? வலப்பக்கம்?

— ஆமா. உங்களுக்கு எப்படி... உள்ள ஒரே இருட்டு, கைக்குக் கெடச்சதை எடுத்தேன்னுதானே சொன்னீங்க?

— கைக்குக் கெடச்சது நாலு. அஞ்சாவதைத் தேடி எடுத்தேன். மத்தவுக எல்லாம் முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. ஒருத்தன் மட்டும் காலை நீட்டிப் படுத்திருப்பான். எங்களுக்கு உக்கார வைக்கத் தெரியல.

— எங்களுக்குன்னா யாருக்கு, அக்கா?

— சபீனா. என்ன பேச்சு இது. டாக்டரம்மா, இவளுக்குக் காத்து அடிச்சிருக்கு. அன்னிக்கே சொன்னேன், உள்ள போகாதேன்னு.

— விசாரணைக் குழு வந்தப்போ நானும் வாயைத் தொறந்தேன், தாயி. எல்லாத்தையும் சொன்னேன், தம்பி பேரைச் சொல்லிக் காட்டிக் குடுத்தது யாருன்னு கூடச் சொன்னேன். எங்க வெச்சோம்னு மட்டும் சொல்லல. அண்ணன் அதை அவுக பாஷையில மாத்திச் சொன்னாரு. என்னத்த மாத்துனாரோ, அவுக தலையாட்டி எழுதிக்கிட்டு, என் கையைப் புடிச்சு ஆறுதல் சொல்லிட்டுப் போயிட்டாக. அப்புறம் நீ வந்தே. பல்லுக்கு யாரையும் காப்பாத்தத் தெரியாதுன்னே. சரி, என் பேச்சை மாத்துற மாதிரி அவன் பேச்சை யாரும் மாத்த முடியாதுல்லன்னு, அவனையே எடுத்து ஒன் பையில போட்டேன்.

— நான் நாலோட போறேன்னு இப்பத்தானே...

— சொன்னே. கேட்டேன். ஊத்து எனக்கும்தான் வேணும், தாயி. அவன் குடிச்ச தண்ணி அது. நீ எதை வேணும்னாலும் எழுது. ஆனா தெரியாம விட்டேன்னு மட்டும் இனிமே ஒன்னால சொல்ல முடியாது.

— சபீனா, நான் சொல்றதைக் கேளு. அவன் லாரி ஏறினதை நான்...

— குடிங்கண்ணே, ஆறுது. மௌரோ லாரி ஏறிட்டான்னு நீங்க வந்து சொன்ன அன்னிக்கும் அம்மா உங்களுக்குச் சூப்புதான் ஊத்திக் குடுத்தா. ஓடையில செத்துக் கெடந்தவனை அம்மாவும் நானும் ராத்திரியே தூக்கிட்டுப் போயி அந்தக் கல்வீட்டுல படுக்க வச்சுட்டு வந்த ஈரமண்ணு, அப்ப அவ கையில காயக்கூட இல்ல.