நமுனுகுல டீசல் விமானம் நமக்கு வேண்டுமா?

அவையை ஆற்றுப்படுத்தும் தலைவர், தோட்ட நலச் சங்கத்தின் தூண், பெருமதிப்புக்குரிய தம்பையா அவர்களே! வயதால் முதிர்ந்து வாக்கால் கனிந்த பெரியோர்களே! விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று வேலைக்குப் பெயர் கொடுத்து, பொழுதெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்து, அந்தக் களைப்போடும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பதுளை நகரத்து வணிகப் பெருமக்களே! இறைவனின் சாந்தி உங்கள் எல்லார் மீதும் நிலவட்டும். என் பணிவான வணக்கம்.

நான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் நஸீர். ஒன்பது ஆண்டுகளாக அந்த விமானத்தின் எஞ்சினைக் கழற்றியவனும் நான், கழுவியவனும் நான், பூட்டியவனும் நான். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட இந்த ஆண்டில், நம் தோட்டத்தை நடத்திய ஹார்ட்வெல் துரை சீமைக்குக் கப்பலேறும் முன் அதை நம் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஓட்டுவதற்கு, துரையிடமே பழகிய நம் புவாத் தயாராக இருக்கிறார். வைத்துக்கொள்வதா, விற்பதா? இதுதான் இன்று நம்முன் நிற்கும் கேள்வி.

அதன் பெருமையை மறைக்க மாட்டேன். பழைய விமானத்தின் உடலில் டீசல் எஞ்சினைத் தம் கையாலேயே பொருத்தினார் துரை. பெட்ரோலைப் போல் அது பட்டென்று தீப்பற்றாது. தேயிலைத் தொழிற்சாலையின் பீப்பாயிலிருந்து ஊற்றினாலே பறக்கும். ஒருமுறை நிரப்பினால் கொழும்பு வரை போய், அங்கே நிரப்பாமலே திரும்பும்.

அறுபத்தேழு மார்கழியை மறந்தீர்களா? மழையில் மலை சரிந்தது, பாதை புதைந்தது. தொழிலாளர் லயத்தில் ரெங்கம்மா மூன்று நாளாகப் பிரசவ வலியில் துடித்தாள். மருத்துவிச்சி நல்லம்மா துரையின் காலடியில் விழுந்து கதறினாள்: "தொரை, தல திரும்பலீங்க! ஆஸ்பத்திரியில கத்தி வச்சாத்தான் ரெண்டு உசுரும் தங்கும்!"

மழை விட்ட நண்பகல் அது. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. பதினொரு நிமிடத்திலேயே தியத்தலாவை விமானத் தளம், அங்கிருந்து ஆஸ்பத்திரி! அன்று மாலை தாயும் பிழைத்தாள், மகளும் பிறந்தாள்.

யாரது எழுந்து நிற்பது? ரெங்கம்மாவா? சொல்லம்மா.

"அண்ணே, அந்தப் பிளேன் இல்லேன்னா நானும் இல்ல, எம் மகளும் இல்ல. அத விக்கச் சொல்லாதீங்க!"

தங்கச்சி, நீ சொன்னது சத்தியம். ஆனால் மூன்று ஆண்டுகளாக நான் சொல்லாமல் வைத்திருக்கும் சத்தியம் ஒன்று உண்டு. அதையும் கேள்.

எழுபத்திரண்டு, தை மாதம், காலை ஏழு மணி. எஞ்சினைப் பார்க்க முந்தின இரவே தோட்டத்துக்கு வந்திருந்தேன். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரில் முருகையாவின் கை தோள் வரை சிக்கிவிட்டது. வெளியே எடுத்துக் கட்டுப்போட்டும் இரத்தம் நிற்கவில்லை. வாசலில் தேயிலைப் பெட்டி ஏற்ற வந்த லொறி நின்றது. பாதை காய்ந்து கிடந்தது. பதுளை ஆஸ்பத்திரி ஒரு மணி நேர ஓட்டம். லொறிக்காரர் இப்றாஹீம், "ஏத்துங்க, நான் கொண்டு போறேன்!" என்று கத்தினார்.

தடுத்தது யார்? நான்!

"லொறி குலுங்குனா ரத்தம் இன்னும் போகும். பத்து நிமிஷம் பொறுங்க, பிளேன் கெளம்பிரும்" என்றேன்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. உள்ளே காற்றை நெருக்கி, அந்தச் சூட்டில்தான் எண்ணெய் பற்ற வேண்டும். நமுனுகுல மலையின் தைக் குளிரில் அந்தச் சூடு எழவில்லை. எண்ணெயைச் சுடவைத்து ஊற்றினேன். பந்தம் கொளுத்தி எஞ்சினுக்கு அனல் காட்டினேன். "இன்னும் பத்து நிமிஷம்" என்றேன். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு எஞ்சின் பிடித்தது. முருகையாவின் மூச்சு எட்டே முக்காலுக்கே அடங்கிவிட்டது.

அந்தச் சத்தம் லயத்துக்குக் கேட்டிருக்கிறது. அவர் மனைவி இராக்கம்மா, "கெளம்பிருச்சு! இனிப் பொழச்சுக்குவாரு!" என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தாள். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன், ஐயா. அதை எப்படி மறப்பேன்?

வேண்டாம், கை தட்டாதீர்கள். இது கை தட்டுவதற்குச் சொன்னதல்ல.

எஞ்சின் மட்டுமா ஏமாற்றியது? ஓர் உதிரிப்பாகம் கப்பலில் வரும்வரை ஆறு மாதம் தரையில் கிடந்ததே! பாரம் மிகுந்த அந்த எஞ்சின், ஈர மைதானத்தில் எழ முடியாமல் எத்தனை நாள் நின்றது! அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. தோட்டத்துக்கு அம்புலன்ஸ் கேட்டு மனு எழுதினோம். "உங்களுக்குத்தான் விமானம் இருக்கிறதே" என்றது கம்பனி. நாமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனுவை மடித்து வைத்தோம்!

போன வெள்ளிக்கிழமை இராக்கம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் பாய் விரித்து என்னை உட்கார வைத்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க, அண்ணே? ஆனா லொறி அங்கனயே நின்னுச்சு. பிளேன் இருக்குன்னு யாருமே அதப் பாக்கலியே."

ஆகவே நான் முன்மொழிகிறேன். விமானத்தை விற்போம். கிடைப்பதைக் கொண்டு, தோட்டத்து மருந்துச்சாலை வாசலில் எந்நேரமும் நிற்கும் அம்புலன்ஸ் ஒன்று வாங்குவோம்.

என்ன கேட்கிறாய், ரெங்கம்மா?

"மறுபடி ரோடு சரிஞ்சா, என்னப் போல ஒருத்தி என்னண்ணே செய்வா?"

நியாயமான கேள்வி. பூசி மெழுக மாட்டேன். இந்த ஒன்பது ஆண்டில் பாதை முழுதாக அடைபட்டது ஒரே முறை. ஆனால் கை நசுங்கியும், பாம்பு கடித்தும், காய்ச்சலில் விழுந்தும் நம்மவர்கள் தவிக்காத மாதம் உண்டா? அந்த ஒரு நாள் மீண்டும் வந்தால், சரிவுக்கு அப்பால் வண்டியை வரவழைப்போம். இப்பாலிருந்து தூளி கட்டிச் சுமந்து போவோம். சுமப்பவர்களில் முதல் தோள் என்னுடையது. எல்லா உயிரும் தங்கும் என்று உனக்கு வாக்குத் தர என்னால் முடியாது, தங்கச்சி. அதைச் சொல்லாமல் உன் சம்மதத்தை வாங்கவும் என்னால் முடியாது.

தலைவர் அவர்களே, வாக்கெடுப்பை நடத்துங்கள். அம்புலன்ஸுக்குச் சம்மதம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். அதோ, கடைசி வரிசையில் இராக்கம்மா... அவள் பக்கத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பது... ஆம், ரெங்கம்மா! நீ உயர்த்திய கையையும் பார்த்துவிட்டேன், தாயே.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம், வஸ்ஸலாம்.