ஆறாவது ஃபார்வர்ட்

— அப்போ இன்னொரு ஃபார்வர்டா, மாமா? ஏற்கெனவே அஞ்சு பேர் இருக்காங்க.

— கோச் மாதிரி பேசாதீங்க மாப்ளே. வீட்டு மனுஷன் மாதிரி பேசுங்க.

— உங்க பொண்ணைக் கட்டினது வேற. இந்த ஆபீஸ்ல நான் கோச்தான்.

— சரி, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும்.

— நான் கேட்டது ஒரே ஒரு டிஃபெண்டர். சனிக்கிழமை தோத்தா கிளப் கீழ் டிவிஷனுக்குப் போயிடும், முதல்ல உருளப்போறது என் தலை. டிரா பண்ணினாலே தப்பிச்சிடலாம், கோல் வாங்காம இருந்தா போதும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

— கேளுங்க மாப்ளே. பந்தைத் தடுக்கிறவனைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? வாசல்ல பேனர் வைக்கணும்னா யார் மூஞ்சிய வைக்கிறது? நம்ம நெட்டை மூஞ்சியவா? குழந்தைங்க பயந்துக்கும்.

— அந்த நெட்டை ஒருத்தன்தான் பின்னாடி ஒழுங்கா நிக்கிறான். மத்த மூணு பேரும் எதிராளிக்கு வழிவிட்டு, வாங்க வாங்கன்னு சொல்லாத குறைதான்.

— நெட்டையைப் பத்திதான் சொல்லணும்னு இருந்தேன்.

— என்ன?

— வித்தாச்சு. காலையில.

— யாருக்கு?

— புதுப் பையனை வாங்கப் பணம் வேணாமா? நல்ல விலை. பேரம்கூடப் பேசல அவங்க.

— யாருக்கு மாமா?

— சனிக்கிழமை நம்மகூட ஆட வர்றாங்களே, அவங்களுக்குத்தான்.

— பேரம் எதுக்குப் பேசப்போறாங்க. கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போயிருப்பாங்களே.

— ஆமா, பெரிய கார். கிண்டலை விடுங்க. அவங்க மூணு அடிச்சா நாம நாலு அடிச்சிட்டுப் போறோம்.

— போன வாரம் அஞ்சு கோல் வாங்கினோம், அடிச்சது ஒண்ணு. அதுவும் பாஸ் கொடுக்கப்போய்த் தவறி உள்ள போனது. அஞ்சு ஃபார்வர்டும் ஒரே பந்துக்குக் குழாயடிச் சண்டை போடுறானுங்க.

— இவன் வேற ரகம். கேளுங்க, இந்த சீசன்ல நம்மகிட்ட மட்டும் ஏழு கோல் அடிச்சான், மேல உக்காந்து என் கண்ணால பார்த்தேன். ஒவ்வொண்ணும் என்ன அழகு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவன் நம்ம பக்கம் வந்துடணும்னு.

— வேற டீமுக்கு எதிரா அவன் ஆடிப் பார்த்திருக்கீங்களா?

— நம்ம மேட்ச் பார்க்கவே நேரமில்ல மாப்ளே. ஏன்?

— நம்மளைத் தவிர வேற எவன்கிட்டயும் அவன் இந்த வருஷம் ஒரு கோல்கூட அடிக்கல மாமா.